கிராஸ்ஓவரை விற்றேன், பிக்கப் வாங்கினேன்: சரியா, தவறா?



அண்மைக் காலமாகப் பள்ளியிலும் கோயிலிலும் திருமண மண்டபத்திலும் என்னைக் காண்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. "சார், நல்லா ஓடிக்கிட்டிருந்த காடியை வித்துட்டு எதுக்கு இந்த லோரி?"

கேட்பவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் கேலிக்குக் கேட்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்துகொண்டு பிக்கப்பிலிருந்து குதித்து இறங்கும் வாத்தியாரைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மற்றொரு சாரார், தாங்களும் கிராஸ்ஓவரைக் கொடுத்துவிட்டுப் பிக்கப் வாங்கிக் காட்டுப்பாதைகளில் சுற்றலாமா என்ற எண்ணத்தோடு உண்மையாகவே கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை மாற்றியது சரி என்பதே இன்றும் என் கருத்து. ஆனால், எந்தக் காரணத்துக்காக மாற்ற நினைத்தேனோ அந்தக் காரணம் தவறு. சரியான காரணம் பிறகுதான் புரிந்தது. நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். ஆகவே, இங்கு எழுதுவதில் பாதி பட்டறையில் கேட்டறிந்தது, மீதி சேற்றில் நின்று கற்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2022 ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்கை சிப்புட்டிலிருந்து லாசாவைக் கடந்து, தார்ச்சாலை முடிந்த பிறகும் உட்புறமாகச் செல்லும் மண்பாதை ஒன்றில் குடும்பத்தோடு சென்றிருந்தேன். ஆற்றங்கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம். என்னிடம் இருந்தது முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் கிராஸ்ஓவர். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். விளம்பரப் படத்தில் அது மலையுச்சியில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலையில் போகும்போது வழியில் குறுக்கிட்ட சிற்றோடையில் கணுக்காலளவு நீர்தான் இருந்தது. நண்பகலுக்குப் பின் மேலே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி மழை கூட இல்லை. இருப்பினும் கிளம்பிவிட்டோம். ஓடையை எப்படியோ கடந்தேன். அதற்கு அப்பால் இருந்த செம்மண் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் சுழல்கின்றன, வண்டி நகரவில்லை. நான் எண்ணெயை மிதிக்க மிதிக்கச் சக்கரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கின. கியர் பெட்டி சூடேறிவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

அப்போது பின்னால் அமர்ந்திருந்த என் மகன் கேட்டான்: "அப்பா, தண்ணி ஏன் கலர் மாறிடுச்சு?"

திரும்பிப் பார்த்தேன். தெளிந்திருந்த ஓடை பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. நம் நாட்டில் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்வார்களே, மேலே பெய்த மழை கீழே திடீர் வெள்ளமாக இறங்குவது, அதற்கு இவைதாம் அறிகுறிகள். வகுப்பில் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். துணைவியாரையும் மகனையும் இறக்கி மேட்டின் மேற்புறத்திற்கு ஏறச் சொன்னேன். வண்டியின் பின்சக்கரத்திற்கும் நீருக்கும் இடையே ஏறக்குறைய பத்தடிதான் இருந்தது. அந்தப் பத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்ற கால் மணி நேரத்தை நான் மறக்கப் போவதில்லை.

பாதையின் மறுபுறமிருந்து பழைய பிக்கப் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் தெமியார் இனத்தைச் சேர்ந்த ஓராங் அஸ்லி அன்பர். பின்தட்டில் பெத்தாய் மூட்டைகள். அவர் எதுவும் கேட்கவில்லை. கயிற்றைக் கட்டினார். தம் வண்டியில் ஏதோ ஒரு கம்பியை இழுத்துப் போட்டார். எறும்பு ஊர்வது போல் வண்டி நகர்ந்தது. சக்கரம் ஒரு சுற்றுக் கூட வீணாகச் சுழலவில்லை. என் வண்டி மேட்டின் மேல் வந்து நின்றது.

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் வண்டி தோண்டிய இரண்டு பள்ளங்களைக் காட்டி மலாயில் சொன்னார்: "சிக்கு, நாளைக் காலையில் பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். இரவு மழை பெய்தால் இந்தப் பள்ளம் இன்னும் பெரிதாகும்."

நான் ஓர் ஆசிரியர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பள்ளி வில்லையைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு சொல் என்னை வெட்கித் தலைகுனிய வைத்தது. மறுநாள் திங்கட்கிழமை நான் தார்ச்சாலையில் ஏழு மணிக்குப் பள்ளிக்குச் சென்றுவிடுவேன். நான் தோண்டிய பள்ளத்தில் வேறொரு பள்ளியின் மாணவன் விழுவான்! அவரும் நானும் என் மகனும் ஒரு மணி நேரம் கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தை நிரப்பினோம்.

வீடு திரும்பும் வழியில் என் மனத்தில் ஓடியது ஒன்றுதான். 'இனி எவனும் என்னைக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. எனக்கும் அப்படி ஒரு வண்டி வேண்டும்.' இதுதான் நான் மேலே குறிப்பிட்ட தவறான காரணம்.

கிராஸ்ஓவர் ஏன் நின்றது?

கிராஸ்ஓவர் மோசமான வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அது உயர்த்தப்பட்ட மகிழுந்து. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக இணைந்த ஒற்றைக் கூடு அதன் கட்டமைப்பு. எடை குறைவு, ஓட்டம் மென்மை, எண்ணெய்ச் செலவும் குறைவு. நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் சிறிய கிராஸ்ஓவர்களான புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா, ஹோண்டா எச்.ஆர்.-வி. ஆகிய மூன்றுமே முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. எந்தச் சக்கரம் இழுக்க வேண்டுமோ அந்தச் சக்கரமே இலேசாகிவிடுகிறது. ஈரச் செம்மண் மேட்டில் இதற்கு மேல் வேறு விளக்கம் தேவையில்லை.

பிக்கப்பின் கட்டமைப்பு வேறு. ஏணி போன்ற இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். அதன் மேல் ஓட்டுநர் அறையும் பின்தட்டும் தனித்தனியாக அமர்ந்திருக்கும். பின்புறத்தில் பெரும்பாலும் பட்டை பட்டையாக அடுக்கிய விற்கள். மாட்டு வண்டிக் காலத்துத் தொழில்நுட்பம் என்று சிலர் ஏளனம் செய்வார்கள். ஆனால் ஒரு டன் அளவுக்குப் பாரம் ஏற்றினாலும் முறையாகத் தாங்குவது அதுதான்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப்பில் மூன்று நிலைகள் இருக்கும். முதலாவது, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை, தார்ச்சாலைக்கு உரியது. இரண்டாவது, நான்கு சக்கரங்களும் இயங்கும் வேக நிலை. சரளைக்கும் ஈரமான மண்பாதைக்கும் உரியது. மூன்றாவது, நான்கு சக்கரங்களும் இயங்கும் தாழ்நிலை. இந்த மூன்றாவது நிலைதான் அந்த அன்பர் இழுத்துப் போட்ட கம்பியின் இரகசியம். இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. வேகம் அதே அளவுக்குக் குறைகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாழ்நிலை என்பது வேகமாகப் பாய்வதற்கு அன்று, மெதுவாக ஊர்வதற்கு! சக்கரம் சுழலாமல் மண்ணைப் பற்றிக்கொண்டு ஏறுவதற்கு. சுழலாத சக்கரம் பள்ளம் தோண்டாது. என் கிராஸ்ஓவர் அந்தப் பாதையைக் கெடுத்தது. அவருடைய பழைய பிக்கப் கெடுக்கவில்லை. நான் வண்டி மாற்றியதற்கான சரியான காரணம் இதுதான். காட்டுப்பாதைக்குப் போவதாக இருந்தால், அந்தப் பாதையைக் கிழிக்காமல் போய்வரக்கூடிய வண்டியில் போக வேண்டும். இல்லையென்றால் போகக்கூடாது.

'சிறிய பிக்கப்' என்னும் சொல்

சிறிய பிக்கப் ஒன்று போதுமே என்று பலர் சொல்கிறார்கள். இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் 'காம்பேக்ட் பிக்கப்' என்றால், 2021 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சாந்தா குரூஸ் போன்றவற்றைச் சொல்கிறார்கள். அவை கிராஸ்ஓவரைப் போலவே ஒற்றைக் கூட்டுக் கட்டமைப்பு உடையவை. பின்னால் ஒரு தட்டு உண்டு. நம் நாட்டிலும் இந்த எண்ணம் முன்பே வந்திருக்கிறது. 2002 இல் புரோட்டோன் நிறுவனம் வீரா மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டு 'அரீனா' என்ற சிறு பிக்கப்பை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் அது 'ஜம்பக்' என்ற பெயரில் விற்கப்பட்டது. அதுவும் முன்சக்கர இயக்கம்தான். காய்கறி ஏற்றலாம்; காட்டு மேடு ஏற முடியாது.

நம் சாலைகளில் நாம் காணும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், திரைத்தன், ரேஞ்சர், நவாரா ஆகியவை அமெரிக்கர் கண்ணுக்கு நடுத்தர வகை. நம்மவர் வாயில் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் அது 'ஹைலக்ஸ்'தான்! இவற்றிலும் இரு சக்கர இயக்கம் மட்டுமே உள்ள மலிவான வகைகள் உண்டு. தோற்றத்தில் வேறுபாடு அதிகம் தெரியாது. அதை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனால், நான் கிராஸ்ஓவரில் பட்ட பாட்டைத்தான் படுவீர்கள். சொல்லப்போனால் இன்னும் மோசம். பாரம் இல்லாத பிக்கப்பின் பின்புறம் இலேசானது. பின்சக்கரம் மட்டும் இயங்கினால் ஈரமண்ணில் வாலை ஆட்டும்.

ஆகவே, வாங்கும்போது உயரத்தையும் டயரையும் பார்த்து மயங்காதீர்கள். 'தாழ்நிலை நான்கு சக்கர இயக்கம் உண்டா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்கள் வாங்குவது வேறு வேலைக்கான வண்டி.

நான் இழந்தவை

மாற்றத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பகுதியை எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்.

முதலில் என் அம்மா. கிராஸ்ஓவரில் அவர் இயல்பாக உட்கார்ந்து எழுவார். பிக்கப்பில் ஏறுவதற்குப் பக்கவாட்டுப் படி வேண்டும், மேலே பிடி வேண்டும், என் கையும் வேண்டும். முதல் நாள் ஏறி உட்கார்ந்தவுடன், "ஏன்பா, மருத்துவமனைக்குப் போறதுக்கு மலை ஏறணுமா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. துணைவியாரின் சிறிய மகிழுந்தில்தான் இப்போது அம்மா மருத்துவமனைக்குச் செல்கிறார். வீட்டில் இரண்டாவது வண்டி இல்லாதவர்கள் இதை நன்றாகச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாவது, நீளம். இரட்டை அறை கொண்ட பிக்கப் ஏறக்குறைய 5.3 மீட்டர். சிறிய கிராஸ்ஓவர் ஏறக்குறைய 4.3 மீட்டர். அந்த ஒரு மீட்டர் ஈப்போ நகரின் பேரங்காடியில், பல மாடி வாகன நிறுத்துமிடத்தில், உங்கள் பொறுமையைச் சோதிக்கும். திரும்புவதற்கும் அதிக இடம் வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்ச் செலவு. நான் டீசல் பிக்கப்பை 2023 இல் வாங்கினேன். அப்போது தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசு. 2024 ஜூன் 10 ஆம் நாள் உதவித்தொகை முறை மாற்றப்பட்டு, ஒரே இரவில் 3 ரிங்கிட் 35 காசு ஆனது. எண்பது லிட்டர் நிரப்ப 172 ரிங்கிட் ஆனது போய் 268 ரிங்கிட் ஆயிற்று. நிபந்தனைகளுக்கு உட்பட்ட தனியார் உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது உண்மை. இருந்தாலும், ஒன்பது ஆண்டுக் கடனில் வண்டி வாங்குகிறவர் இன்றைய எண்ணெய் விலையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்ற பாடத்தை அந்த ஜூன் மாதம் எனக்குக் கற்பித்தது. டயர், வில், உராய்வுத் தட்டு எல்லாமே பெரியவை; விலையும் பெரியது.

நான்காவது, தார்ச்சாலையில் ஓட்டம். பாரம் இல்லாதபோது பின்பக்கம் குதிக்கும். மழையில் வளைவுகளில் மெதுவாகத்தான் போக வேண்டும். நான்கு சக்கரத்தையும் பூட்டிவிட்டுப் போகலாமே என்றால், பெரும்பாலான பிக்கப்களில் அந்த நிலையைப் பிடிப்புள்ள தார்ச்சாலையில் பயன்படுத்தக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தொலைவு ஓடுகின்றன. அவற்றை ஒன்றாகப் பூட்டினால் இயக்கத் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்கம் ஏறும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு எளியது. ஆண்டுக்கு இரண்டு முறை அருவிக்குப் போகிறவருக்குப் பிக்கப் வேண்டாம். வண்டி வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து போங்கள். எண்ணெய்க் காசைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாதம் இருமுறையாவது மண்பாதையில் போகிறவர், தோட்டத்திலோ துண்டு நிலத்திலோ வேலை உள்ளவர், உட்புறக் கிராமங்களுக்கு ஏதேனும் கொண்டு செல்கிறவர் ஆகியோருக்கே அது பொருந்தும். நான் இரண்டாம் வகையில் சேர முயன்றுகொண்டிருக்கிறேன். முழுமையாகச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மயிலிறகும் அச்சும்

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறிந்துபோகும் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்குறளை விளக்கும்போது நான் பாரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிக்கப் வாங்கிய பிறகு வேறொரு பொருளும் தோன்றியது. மயிலிறகு என்பது 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்னும் எண்ணம். ஒவ்வொரு முறையும் அது இலேசாகத்தான் இருக்கும். ஒரு நாள் அச்சு முறியும்.

கிராஸ்ஓவர் நம்மைக் காட்டின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பிக்கப் உள்ளே அழைத்துச் சென்று நிறுத்தும். அங்கே கைப்பேசி அலை இருக்காது. இழுப்பதற்கு ஆளும் இருக்கமாட்டார். திறமையான வண்டி ஆபத்தைக் குறைப்பதில்லை. ஆபத்தை இன்னும் தொலைவான இடத்துக்குத் தள்ளி வைக்கிறது. பல நிறுவனங்கள் தங்கள் பிக்கப் 700 அல்லது 800 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று குறிப்பிடுகின்றன. அந்த எண் நீரின் ஆழத்தைப் பற்றியது. நீரின் வேகத்தைப் பற்றியும், அடியில் உருளும் கல்லைப் பற்றியும், மேலே மலையில் பெய்யும் மழையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை.

2024 நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை, அதே ஓடையின் உட்புறக் கரையில் நின்றேன். நீர் ஏறியிருந்தது. உடன் வந்த நண்பர், "இந்த வண்டிக்கு இதெல்லாம் தண்ணியா சார்? அடிங்க, போயிடலாம்!" என்றார். என் கை கியரில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகன் கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. நீரின் நிறம் மாறியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தினேன், வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் போட்டேன். நீர் வடிய ஆறு மணி நேரம் ஆயிற்று. நள்ளிரவுக்குப் பிறகு வீடு சேர்ந்து, மறுநாள் கண் சிவக்கப் பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டார். "ஓடைக்காகக் காத்திருந்தேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பிக்கப் வாங்கிய பின் நான் செய்த காரியங்களிலேயே பெருமைப்படத்தக்கது அந்தக் காத்திருப்புதான்.

புதிதாகத் தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

1. தனி வண்டியில் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வண்டிகள் வேண்டும்.

2. ஓடையை முதலில் காலால் நடந்து பாருங்கள். நடக்க அஞ்சும் நீரில் வண்டியை இறக்காதீர்கள்.

3. சேற்றிலும் மணலிலும் டயரின் காற்றைக் குறைத்தால் பிடி கூடும். நான் 32 இலிருந்து 20 வரை இறக்குவேன். தார்ச்சாலைக்கு வந்தவுடன் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே சிறிய காற்றழுத்தி கையில் இருக்கட்டும்.

4. பின்னால் உள்ள இழுவை உருண்டையில் மீட்புக் கயிற்றை மாட்டவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், ஆளைக் கொல்லும். மீட்புக்கென அமைந்த கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். இழுக்கும்போது எவரும் கயிற்றின் அருகே நிற்கக்கூடாது.

5. பின்தட்டில் மண்வெட்டி ஒன்றும் கனமான பலகைகள் இரண்டும் எப்போதும் இருக்கட்டும். பள்ளத்திலிருந்து வெளியேறவும் உதவும்; பள்ளத்தை மூடவும் உதவும்.

பாதை யாருடையது?

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 1997 இல் தொடங்கப்பட்ட 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் காட்டுப்பாதைப் போட்டி உலக அளவில் பெயர் பெற்றது. அடைமழைக் காலத்தில், சேற்றில் புதைந்தும் இழுத்தும் நடக்கும் போட்டி. அதன் காணொலிகளைப் பார்த்துவிட்டு, நம் இளைஞர்கள் சிலர் வார இறுதிகளில் மண்பாதைகளில் சேற்றை வாரி இறைத்து மகிழ்கிறார்கள். போட்டி என்பது முறையான ஏற்பாடு. மீட்புக் குழு, கம்பி வடச் சுருள், பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் எல்லாம் அங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு அது முன்மாதிரி ஆகாது.

நாம் 'சாகசம்' என்று பெயர் வைத்திருக்கும் பாதை, இன்னொருவருக்கு அன்றாடப் பாதை. கருவுற்ற பெண் மருந்தகத்துக்குப் போகும் பாதை. பெத்தாயும் மூங்கிலும் விற்பனைக்குப் போகும் பாதை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதை. கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் காய்கறி சுமந்து ஏறி இறங்குகின்றன. அந்த ஓட்டுநர்களிடம் போய் 'சாகசம்' என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வேலை. வேலை செய்கிறவர் பாதையைக் கெடுப்பதில்லை; நாளையும் அதே பாதையில் வர வேண்டுமே! ஒரு நாள் விருந்தாளிதான் கெடுத்துவிட்டுப் போகிறார்.

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தோட்டப்புறத்தில் செம்மண் பாதையில் நடந்தவர்கள்தாமே! மழைக்காலத்தில் தோட்டத்து லோரி புதைந்தால் அன்று மருத்துவமனைக்குப் போக வழியிராது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வாழ்வை மறந்து, இன்று நாம் வேறு ஏழை மக்களின் பாதையில் பொழுதுபோக்குக்காகப் பள்ளம் தோண்டலாமா?

ஆகவே, என் நிலைப்பாடு இதுதான். நிரந்தரக் காட்டு ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் நுழைவதற்கு வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள். ஓராங் அஸ்லி கிராமத்துக்குள் செல்வதற்கு ஜக்கோவா அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அதோடு ஊர்த்தலைவரிடமும் சொல்லுங்கள். நம் வீட்டு முற்றத்தில் ஒருவர் கேட்காமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நாம் சும்மா இருப்போமா? கனமழை பெய்த மறுநாள் மண்பாதையில் போகாதீர்கள்; அது காயட்டும். இருக்கும் தடத்தை விட்டுப் புதுத்தடம் போடாதீர்கள். பள்ளம் தோண்டினால் மூடிவிட்டு வாருங்கள். திரும்பும்போது குப்பையைப் பின்தட்டில் போட்டுக் கொண்டுவாருங்கள். பின்தட்டு அதற்கும்தான்.

பிக்கப் வாங்கிய மறுமாதம் நான் மீண்டும் அந்தப் பக்கம் சென்றேன். அந்த அன்பரைத் தேடிப்பிடித்தேன். என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். டயரை ஒருமுறை உதைத்தார். "நல்ல வண்டி, சிக்கு" என்றார். பிறகு, "மெதுவாக ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

அன்று மாலை வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அன்று கிடைத்த மதிப்பெண் மிகக் குறைவு. மூன்று முறை சக்கரம் சுழன்றது. ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, காலால் மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். நான்காவது முறை சுழலவில்லை.

கிராஸ்ஓவரிலிருந்து பிக்கப்பிற்கு மாற நினைக்கும் நண்பர்களே, வங்கிக்குப் போகும் முன் அவர் கேட்ட கேள்வியை உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 'தெரியும்' என்றோ, 'கற்றுக்கொள்வேன்' என்றோ பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். உங்கள் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் எழுதுங்கள். படிக்க ஆவலாக உள்ளேன்.